மத்தி எண்ணெயில் ஒரு பூமாரி

எங்கள் ஊர்க் கோயில் கும்பாபிஷேகத்துக்கு வானத்திலிருந்து பூத் தூவுகிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது நான்தான். யாரும் என்னைக் கேட்கவில்லை. விழாக் கமிட்டித் தலைவரான என் மாமனார் சோற்றைப் பிசைந்துகொண்டே, "பக்கத்து ஊர்க்காரன் ஹெலிகாப்டர் வச்சுல்ல பூப் போட்டான். நம்ம என்னத்தப் போட?" என்று பெருமூச்சு விட்டார். நான் ரசம் ஊற்றிக்கொண்டே, "எங்கிட்ட ஏரோப்பிளேன் இருக்கு மாமா" என்றேன். தவளை தன் வாயால் கெடும்.

அரிமளத்துப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் நான் வேதியியல் டீச்சர். ஏரோப்பிளேன் என்று சொன்னது, இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானம். விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் சொந்தமாக வைத்திருந்தார். டீசல் இன்ஜின். அதில் ஊற்றத்தான் எங்கள் லேபில் புங்கம் எண்ணெயிலிருந்து பயோடீசல் காய்ச்சிக்கொண்டிருந்தேன். கரும்புகை அவ்வளவாக வராது. "இந்த லேப்ல இருந்து ஒரு ஈகூடப் பறக்காது" என்று எங்கள் பிரின்சிபால் ஸ்டாஃப் ரூமில் சொல்லிச் சிரித்திருந்தார். ஒரு சொட்டு டீசல் கலக்காமல் பறக்கவிட்டே தீருவது என்று அன்றைக்கே எனக்கு வெறி ஏறிவிட்டது.

மாமனார் நோட்டீஸே அடித்துவிட்டார்: 'சுத்தமான புங்கம் எண்ணெயில் பறக்கும் விமானத்தின் மூலம் பூமாரி பொழியப்படும்.' விமானக்காரர் அனுமதியெல்லாம் வாங்கி, வறண்டு கிடந்த எங்கள் கண்மாயில் ஓடுபாதையும் பார்த்து வைத்தார்.

விழாவுக்கு மூன்று நாள் முன்னால் புங்கம் எண்ணெய் காலை வாரியது. ஈரம் போகக் காய்ச்சாமல் அவசரப்பட்டுக் காஸ்டிக் சோடாவைக் கொட்டிவிட்டேன். திறந்து பார்த்தால் டிரம் நிறைய சோப்பு. நல்ல சோப்புதான், ஊர்த் துணி முழுவதும் வெளுக்கலாம்.

"விடுங்க மேடம், பங்க்ல டீசல் புடிச்சு ஊத்திக்குவோம். யாருக்குத் தெரியப்போவுது?" என்றார் விமானக்காரர்.

என் திமிர் விட்டால்தானே! லேப் மூலையில் இன்னொரு கேன் இருந்தது. மீமிசல் கடற்கரை மீன் கழிவிலிருந்து காய்ச்சிய மத்தி எண்ணெய் பயோடீசல். அருமையாக எரியும். ஒரே ஒரு கோளாறு, எரியும்போது மத்தி வறுக்கிற வாசம் வரும்.

ஊரோ காப்புக் கட்டி நாற்பது நாளாகக் கவிச்சி தொடவில்லை. முட்டை கலந்த கேக்கைக்கூடத் தள்ளிவைத்த விரதம். அந்தக் கோபுரத்துக்கு மேல் மீன் எண்ணெயில் விமானம் விட்டது தெரிந்தால் மாமனார் தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. நான் அந்த வீட்டுப் படி ஏற முடியாது. சாமியிடம் மட்டும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மத்தியை ஊற்றினேன். அவ்வளவு உயரத்தில் பறப்பது, கீழேயா மணக்கப்போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அன்று காலை சிவாச்சாரியார்கள் குடத்தோடு கோபுரத்தின் மேல் நின்றார்கள். கருடன் வந்து வட்டமிட்ட பிறகுதான் தீர்த்தம் ஊற்றுவது வழக்கம். வானத்தில் ஒரு காக்கா இல்லை. மைக்செட்காரர், "கருட பகவான் வந்துக்கிட்டே இருக்காரு, பக்தர்கள் அங்கிட்டு இங்கிட்டு நகர வேண்டாம்" என்று பஸ் ஸ்டாண்டு அறிவிப்பு மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். நல்ல நேரம் முடியப்போகிறது. மாமனார் முகம் சுண்டிவிட்டது. கருடன் வராத கும்பாபிஷேகம் என்று பேராகிவிட்டால் அது அவர் ஆயுசுக்கும் போகாது.

அப்போது கண்மாய்ப் பக்கமிருந்து விமானம் வந்தது. கூடவே வாசமும் வந்தது.

"எவ வீட்லடி மீன் வறுக்கிறா?" என்று பெண்கள் பக்கம் ஒரு குரல் கேட்டது.

"காப்புக் கட்டுன ஊர்ல எவன்டா அவன்?" என்று கமிட்டியார் நாலு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வீடு வீடாக அடுப்படியைச் சோதனை போட ஓடினார்கள். மொத்தக் கூட்டமும் எச்சில் விழுங்கியது. நானும்தான். மாமனார் மேலே பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் அவசரமாகக் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டேன்.

"அந்தா கருடன்!"

விமானத்தின் வாலுக்குப் பின்னால், வெள்ளைக் கழுத்தும் செம்பட்டை இறக்கையுமாக ஒன்று. அப்புறம் இரண்டு. விமானம் கோபுரத்தைச் சுற்ற, அவையும் சுற்றின. "மூணு! அஞ்சு! ஏய், ஏழு கருடன்யா!" என்று மைக்செட்காரர் தொண்டை கிழியக் கத்தினார். குலவைச் சத்தத்தில் தீர்த்தம் ஊற்றினார்கள். எங்கள் பிரின்சிபால் கன்னத்தில் போட்டுக்கொண்டதை நான் கண்ணாரக் கண்டேன். விமானக்காரர் திரும்பிப் பார்த்து, ஏழு பறவைகள் துரத்துவதைக் கண்டு வெலவெலத்து, பூக்கூடை மொத்தத்தையும் அன்னதானப் பந்தல் பக்கம் கவிழ்த்துவிட்டுக் கண்மாய்க்கே ஓடிவிட்டார். அன்றைக்குச் சாம்பாரில் சாமந்தி மிதந்தது.

சோதனைக்குப் போனவர்கள் திரும்பி வந்து, ஒரு வீட்டிலும் அடுப்பே எரியவில்லை என்றார்கள். அப்படியென்றால் வாசம் கருடனோடு வந்ததுதான் என்று ஊர் முடிவு கட்டியது.

மறுநாள் காப்பு அவிழ்த்த கையோடு மாமனார் என்னைக் கூப்பிட்டார்.

"ஏத்தா, புங்கம் எண்ணெ அப்புடியா மணக்கும்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "புங்கம் சோப்பாப் போச்சு மாமா. இது மத்தி."

"மீமிசல் மத்தியா?"

"ஆமா மாமா."

மீசையை நீவிக்கொண்டார். "ஏழு கருடன் வந்தது நான் பண்ணுன புண்ணியம்னு ஊரே பேசுது. அது அப்புடியே இருந்துட்டுப் போகட்டும்" என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அடுத்த வாரம் நார்த்தாமலைப் பக்கத்து ஊர்க் கமிட்டியார் தாம்பூலத்தோடு வந்து இறங்கினார்கள். "ஒங்க புங்கம் எண்ணெ ஏரோப்பிளேன் எங்களுக்கும் வேணுங்க. ஒரே ஒரு கருடன் வந்தாக்கூடப் போதும்."

"சுத்தமான புங்கம். எங்க மருமகதான் காய்ச்சுறா" என்று மாமனார் கண்ணைச் சிமிட்டாமல் சொன்னார். அவர்களைக் காப்பி குடிக்கச் சொல்லிவிட்டு அடுப்படிக்கு வந்து, குரலைத் தாழ்த்தினார்.

"ஏத்தா, குடுத்துருவோம். ஆனா எண்ணெய அளந்து ஊத்து. அவங்களுக்கு ஆறு கருடனுக்கு மேல வந்துறப்படாது."