மிக்சி ஓடாத நேரம்

உணவகத்தில் மாலை வேலை தொடங்குமுன் எல்லோரும் சமையலறை வாசலில் வரிசையாக நின்று ஆளுக்கொரு நன்றி சொல்ல வேண்டும். புது மேனேஜர் கொண்டுவந்த வழக்கம். சாப்பிட வருகிறவர்களுக்கு வாசித்துவந்த இருவரில் கிதார்காரரைப் போன மாதம் வீட்டுக்கு அனுப்பியவரும் அவர்தான். மிஞ்சியது வயலின்காரர் ஒருவர். அந்த வரிசையைக் கண்டாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் நின்றார். வேறு இடங்களில் கேட்டுப் பார்த்தாயிற்று. போன இடமெல்லாம் மூலையில் ஒரு ஸ்பீக்கர் உட்கார்ந்திருந்தது.

"இந்த வேலைக்கு நன்றி" என்று எல்லோரும் ஒப்பித்தார்கள்.

"நீங்களும் அதையே சொல்லாதீங்க சார்," என்றார் மேனேஜர் வயலின்காரரிடம். "மூஞ்சி எப்பப் பாரு பல்வலிக்காரர் மாதிரி. முதலாளி கேட்டா என்னன்னு சொல்லி உங்கள வெச்சுக்கறது? மனசுல இருந்து வரட்டும்."

வந்துவிட்டது.

"ஜூஸ் போடற அக்காவுக்கு நன்றி. நான் மெதுவா வாசிக்கறப்ப மிக்சியப் போட மாட்டாங்க. பாட்டு முடியற வரைக்கும் பழம் நறுக்கிட்டே நிப்பாங்க."

அதைப் பற்றி அவர்கள் இருவரும் ஒரு சொல்கூடப் பேசிக்கொண்டதில்லை.

"ஓஹோ! அதான் ஜூஸ் லேட்டுன்னு தினம் புகாரா?" மேனேஜர் அவள் பக்கம் திரும்பினார். "இனி ஆர்டர் வந்ததும் மிக்சி ஓடணும். இல்லேன்னா வேற ஆள் வரும்."

வரிசை கலைந்தபோது அக்கா சீறினாள். "உங்க நன்றியக் கொண்டுபோய்க் குப்பையில போடுங்க. நான் கேட்டனா?"

முதல் பாட்டிலேயே மிக்சி அலறியது. நரம்பின் மேல் யாரோ சரளைக்கல்லைக் கொட்டியதுபோல் இருந்தது. அவள் இந்தப் பக்கம் திரும்பவில்லை. மூடியை அமுக்கிய கை மட்டும் விறைத்திருந்தது. உரக்க வாசித்துச் சமாளித்திருக்கலாம். அவர் நரம்பிலிருந்து வில்லை எடுத்துவிட்டார்.

மேனேஜர் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார். "ஏன் நிறுத்தினீங்க?"

"ஜூஸ் அவசரம்னு நீங்கதானே சொன்னீங்க."

"திமிரா? கொஞ்சமாவது நன்றி வேணாம்?"

"நிறைய இருக்கு. உங்களுக்கு இல்ல."

மேனேஜரின் காது சிவந்தது. "வேலை முடிஞ்சதும் ரூமுக்கு வாங்க."

எதற்கென்று கேட்க வேண்டியதில்லை. மிக்சி நின்றதும் விட்ட இடத்திலிருந்து வாசித்தார். பாட்டு முடிந்ததும் அவள் முணுமுணுத்தாள்: "இப்ப நிம்மதியா? ரெண்டு பேர் பொழப்பும் போச்சு."

"உங்களுது போகாது. கோபம் பூரா என் மேல வந்தாச்சு. நீங்க ஜூஸப் போடுங்க."

அடுத்த ஆர்டர் வந்திருந்தது. அவர் அடுத்த பாட்டை ஆரம்பிக்கும்போதே மிக்சியைப் போட்டாள். மிக்சி நிற்கும் வரை அவர் வில்லைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார்.