தாறுமாறாகக் கலைந்து கிடந்தன

கமா அக்காவைப் பற்றி எழுது என்று என் மனைவி ஒரு வருடமாக நச்சரிக்கிறாள். போலீஸ் ஸ்டேஷனில் பதினேழு வருடம் ஜீப் ஓட்டியவனுக்கு எழுத்து எங்கே வரும் என்று கேட்டால், "போற இடமெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறீங்கல்ல, அதையே எழுதுங்க" என்கிறாள். சரி, எழுதித் தொலைக்கிறேன். பொய் கலக்க மாட்டேன். இந்த விஷயத்தில் நான் செய்த தப்பும் ஒன்று இருக்கிறது. அதையும் மறைக்க மாட்டேன்.

அக்கா எங்கள் ஸ்டேஷனில் டைப்பிஸ்ட். இருபத்தாறு வருட சர்வீஸ். ஒல்லியான உடம்பு, தடித்த கண்ணாடி, யாருக்கும் அஞ்சாத குரல். எந்த அதிகாரி எழுதிக் கொடுத்தாலும் கமா விட்டுப்போன இடத்தைச் சிவப்பு மையால் சுழித்துத் திருப்பி அனுப்பிவிடுவார். இன்ஸ்பெக்டராக இருந்தாலும் அதே கதிதான். அதனால் வந்த பட்டப்பெயர் அது. முகத்துக்கு நேராகவே கூப்பிடுவோம், கோபித்துக்கொள்ள மாட்டார்.

திருட்டு நடந்த வீட்டுக்குப் போன போலீஸ்காரர் ஒரு துண்டுத்தாளில் நாலு வரி கிறுக்கிக்கொண்டு வருவார். பின்கதவுப் பூட்டு உடைப்பு, பீரோ திறப்பு, நகை இல்லை. அவ்வளவுதான் இருக்கும். அதை ஒரு பக்க அறிக்கையாக்கிக் கையெழுத்துக்கு வைப்பது அக்காவின் வேலை. அதிகாரிகள் கையெழுத்துப் போடுவார்கள். படித்துவிட்டுப் போட்டார்களா என்பது அவர்களுக்கே வெளிச்சம்.

அந்த வருடம் ஐந்து மாதத்தில் ஒன்பது வீடுகளில் திருட்டு. எல்லாம் பட்டப்பகலில், வீட்டுக்காரர்கள் வேலைக்குப் போன நேரத்தில். கைரேகை கிடையாது, பார்த்தவர் கிடையாது. மேலிடத்திலிருந்து இன்ஸ்பெக்டருக்குத் தினமும் டோஸ் விழுந்தது. கடைசியில் ஒரு மனநல டாக்டரை அனுப்பி வைத்தார்கள். நாற்பது வயதுப் பெண்மணி. திருடன் ஒரு வீட்டுக்குள் எப்படி நடந்துகொண்டான் என்பதை வைத்து அவன் எப்படிப்பட்ட ஆள் என்று சொல்வதுதான் அவர் வேலை.

"கைரேகையத் துடைச்சிடலாம். குணத்தைத் துடைக்க முடியாது," என்று முதல் நாளே எங்களிடம் சொன்னார். "எதை முதல்ல திறந்தான், எதைத் தூக்கிப் போட்டான், எதைத் தொடாம விட்டான், அதுலயெல்லாம் அவன் இருப்பான்."

எனக்கு அது ஜோசியம் மாதிரி பட்டது. ஆனால் அவர் நான்கு நாள் குனிந்த தலை நிமிராமல் ஒன்பது அறிக்கைகளையும் படித்ததைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். அதற்குள் அந்த வீடுகளையெல்லாம் பெருக்கித் துடைத்துப் பழையபடி ஆக்கிவிட்டார்கள். டாக்டர் கையில் கிடைத்தது காகிதம் மட்டும்தான்.

ஐந்தாம் நாள் சொன்னார். திருடன் பொறுமையில்லாதவன். கோபத்தை அடக்கத் தெரியாதவன். நகை எடுக்க வந்தவன் வீட்டையே பழிவாங்கிவிட்டுப் போகிறான். இப்படிப்பட்ட வீடுகளில் எங்கோ அவமானப்பட்டிருக்கிறான்.

இன்ஸ்பெக்டருக்கு உடனே பெயிண்டர் ஞாபகம் வந்தது. அந்த ஒன்பதில் இரண்டு வீடுகளுக்கு வண்ணம் அடித்தவன். ஒரு வீட்டில் அந்த அம்மாள் ஒரே சுவரை மூன்று முறை மாற்றி அடிக்க வைத்திருக்கிறார். நாலாவது முறை சொன்னதும் பெயிண்ட் டின்னை எட்டி உதைத்தான். அது சோபாவெல்லாம் தெறித்து, தெருவே கூடி வேடிக்கை பார்த்த கதை ஸ்டேஷன் வரை வந்திருந்தது. "கோபக்காரன், அவமானப்பட்டவன், வீட்டுக்குள்ள புழங்கினவன். இதுக்கு மேல என்னய்யா வேணும்?" என்றார் இன்ஸ்பெக்டர். பெயிண்டரைப் பிடித்துச் சிறைக்கு அனுப்பினோம். கடைசிவரை அவன் ஒப்புக்கொள்ளவே இல்லை.

பெயிண்டரின் மனைவி தினமும் காலையில் வந்து ஸ்டேஷன் வாசல் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவாள். போகிறவர் வருகிறவரிடமெல்லாம் ஒரே பேச்சுதான். "அவருக்குக் கோவம் வரும்ங்க, நான் இல்லேன்னு சொல்லல. கோவம் வந்தா கத்துவாரு. எடுக்க மாட்டாருங்க." நாங்கள் காதில் விழாத மாதிரி உள்ளே போய்விடுவோம். அக்கா மட்டும் நின்று, "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

வெள்ளிக்கிழமை குற்றப்பத்திரிகை கோர்ட்டுக்குப் போக வேண்டும். போய்விட்டால் பெயிண்டருக்கு ஏழு வருடம் நிச்சயம் என்று ஸ்டேஷனில் பேசிக்கொண்டார்கள். திங்கட்கிழமை, டாக்டர் கையால் எழுதிய அறிக்கை டைப் அடிக்க அக்காவிடம் வந்தது. நான் ஜீப் லாக் புக்கோடு அவர் மேஜைக்குப் போனபோது, கீபோர்டு மேல் கை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"தம்பி, இதைப் படி."

படித்தேன். 'ஒன்பது வீடுகளிலும் பொருட்கள் அனைத்தும் தாறுமாறாகக் கலைந்து கிடந்தன. ஒரு வீடுகூட விதிவிலக்கில்லை. என் முடிவுக்கு இதுவே அடிப்படை.'

"ஆமா, நம்ம அறிக்கையில இருக்கறதுதானேக்கா?"

"என் அறிக்கையில இருக்கறது." இரண்டு விசைகளைத் தட்டினார். அந்த முழு வாக்கியமும், முற்றுப்புள்ளியோடு, திரையில் வந்து விழுந்தது. "வேலைக்குச் சேர்ந்த வருஷம் யாரோ ஒரு அதிகாரி ஒரு கேஸுக்குச் சொன்னாரு. நல்லா இருக்கேன்னு பிடிச்சிக்கிட்டேன். மெஷின்ல அடிச்ச காலத்துல விரலே அடிச்சிரும். கம்ப்யூட்டர் வந்ததும் இப்படிச் சுருக்கி வெச்சிக்கிட்டேன். திருட்டுன்னா கலைஞ்சுதானே கிடக்கும்னு நானா போட்டது. ஒருத்தரும் சொல்லல, தம்பி."

நான் லாக் புக்கை மேஜை மேல் வைத்தேன்.

"நாலாவது வீட்டுக்கு நீதானே ஜீப் எடுத்துட்டுப் போன? உள்ள போனியா?"

போனேன். அதுதான் என் தப்பு. தண்ணீர் குடிக்க உள்ளே போனேன். கண்ணாடிப் பொம்மைகள் எல்லாம் தரையில், சுவரோரமாக, உயரவாரியாக வரிசையில் நின்றன. ஒரு தலையணைகூட இடம் மாறிக் கிடக்கவில்லை. இவர்கள் என்ன பொம்மையைத் தரையில் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேனே தவிர, யாரிடமும் சொல்லவில்லை. டிரைவரை யார் கேட்டார்கள்? கேட்காவிட்டால் சொல்லக் கூடாதா என்று இன்றைக்கு என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

அன்று அதைச் சொன்னதும் அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீ பாத்தும் சொல்லல. நான் பாக்காமலே சொல்லிட்டேன். ரெண்டு பேருமா சேர்ந்து அந்த ஆளை உள்ள தள்ளியிருக்கோம்." பிறகு வாசல் பக்கம் பார்த்தார். பெஞ்சில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். "ரெண்டு நாள் லீவு போடு," என்றார்.

நான் வயிற்றுவலி என்று எழுதிக் கொடுத்தேன். அக்கா 'சொந்த வேலை' என்று எழுதினார், பொய் எழுதப் பிடிக்காதாம். செவ்வாயும் புதனும் அவருடைய ஸ்கூட்டரில் சுற்றினோம். அவர் ஓட்ட, ஜீப் டிரைவரான நான் பின்னால் உட்கார்ந்து போனேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் என் மானம் ஒரு முறை தூக்கிப் போட்டது.

ஒவ்வொரு வீட்டிலும் அக்கா ஒரே கேள்விதான் கேட்டார். "அன்னைக்குக் கதவைத் திறந்ததும் முதல்ல என்ன பாத்தீங்க?" கேட்டுவிட்டுச் சும்மா இருப்பார். நான் இடையில் எடுத்துக் கொடுக்கப் போனால் என் காலை மிதிப்பார். சொன்னதைச் சொன்ன மாதிரியே நோட்டில் எழுதினார். கமாகூடச் சேர்க்கவில்லை.

முதல் வீட்டில், சுவர்க்கடிகாரம் மெத்தை மேல் குப்புறப் படுத்திருந்ததாம். மூன்றாம் வீட்டில் பீரோ சுவரைவிட்டு ஒரு முழம் தள்ளி நின்றதாம், அதன் கால்களுக்கு அடியில் பழைய துணி. அந்த வீட்டுப் பெரியவர் இன்னும் ஆச்சரியம் தீராமல் சொன்னார்: "என் தரையில ஒரு கீறல் விழாமப் பாத்துக்கிட்டான்ம்மா. நான் பெத்ததுங்ககூட இப்படிப் பாத்ததில்ல." ஆறாம் வீட்டில்தான் எல்லாம் தாறுமாறாகக் கிடந்தது என்றார்கள். போச்சு என்று அக்காவைப் பார்த்தேன். "அது நாங்க போட்டது போட்டபடி கிளம்பினது. எங்க வீடு என்னைக்கும் அப்படித்தான்," என்று அந்த அம்மாள் சிரித்தார். மீதி எட்டு வீட்டிலும் பேச்சுவாக்கில் வந்தது ஒரே செய்தி. உடையக்கூடிய எதுவும் உடையவில்லை.

வியாழக்கிழமை காலை அக்கா நோட்டோடு இன்ஸ்பெக்டர் அறைக்குள் போனார். டாக்டரும் இருந்தார். நான் கதவோரம் நின்றேன். எல்லாவற்றையும் சொல்லி, ஒரு தாளை மேஜை மேல் வைத்தார். 'ஒன்பது அறிக்கைகளிலும் உள்ள அந்த வாக்கியம் யாரும் கண்டு சொன்னதல்ல. நானாகச் சேர்த்தது.' கீழே கையெழுத்து.

இன்ஸ்பெக்டர் கெட்டவர் இல்லை. அந்தத் தாளைத் தொடாமல் பார்த்தார். "அக்கா, ரிட்டயர் ஆக உங்களுக்கு இன்னும் எட்டு மாசம். இதை நான் வாங்கினா என்ன ஆகும் தெரியுமா? இந்தக் கேஸ் மட்டுமில்ல. நீங்க இருபத்தாறு வருஷமா அடிச்ச எல்லாக் கேஸையும் வக்கீலுங்க தோண்டுவாங்க. உங்க பென்ஷனே ஆட்டம் கண்டுரும். பேசாம வீட்டுக்குப் போங்க. பெயிண்டர் செஞ்சிருந்தா கோர்ட்டு பாத்துக்கும்."

"கோர்ட்டும் என் வாக்கியத்தைத்தானே சார் பாக்கும்?"

"யோசிச்சுப் பேசுங்க."

"யோசிக்காம அடிச்சதுதான் சார் இங்க கொண்டுவந்து விட்டிருக்கு. தோண்டட்டும். அதுல இன்னும் எத்தனை பெயிண்டர் இருக்காங்களோ." நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாரே தவிர உட்காரவில்லை. "நீங்க வாங்கலேன்னா நேரா கோர்ட்டுல போய்க் கொடுப்பேன்."

இன்ஸ்பெக்டர் டாக்டரைப் பார்த்தார். தன் அறிக்கை குப்பைக்குப் போகிறது என்று டாக்டர் எகிறுவார் என்று நினைத்தேன். அவர் அந்தத் தாளை எடுத்துப் படித்தார். பிறகு, "தப்பு எனக்கும் உண்டு. ஒன்பது வீட்டுலயும் ஒரே வாக்கியம், எழுத்து மாறாம. அது திருடனோட குணம் இல்ல, டைப் அடிச்சவங்க குணம்னு எனக்குப் பட்டிருக்கணும்," என்றார். கையை நீட்டினார். "அந்த நோட்டைக் கொடுங்க."

படிக்கப் படிக்க அவர் முகம் மாறியது. "இவனுக்குக் கோபமே இல்ல. இந்தப் பொருள் மேல ஆசையும் இல்ல. அடுத்தவங்க பொருள் உடைஞ்சா தனக்கு அடி விழும்னு பயந்து பயந்து வேலை செஞ்சவன். திருட வந்த இடத்துலயும் அந்தப் பழக்கம் கையை விட்டுப் போகல."

"பீரோ சாவி தேடிக் கழட்டினான், சரி. கடிகாரத்தை எதுக்கு மெத்தை மேல குப்புறப் போடணும்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. போன வருடம் நாங்கள் வீடு மாறினோம். சாமான் ஏற்ற வந்தவர்கள் எங்கள் கடிகாரத்தை அப்படித்தான் மெத்தையில் படுக்க வைத்தார்கள். இந்த முறை யாரும் கேட்காமலே வாயைத் திறந்தேன். "சார், வீடு மாத்திக் கொடுக்கறவங்க."

மாலைக்குள் ஒன்பது வீட்டுக்கும் போன் போட்டோம். ஒன்பது பேரும் கடந்த இரண்டு வருடத்தில் குடிவந்தவர்கள். எட்டுப் பேருக்குச் சாமான் இறக்கியது ஒரே கம்பெனி, ஒரே மேஸ்திரி. எந்த வீட்டில் எந்தப் பீரோவை எங்கே வைத்தோம் என்பது அவனுக்கு அத்துப்படி. வெள்ளிக்கிழமை காலை அவன் வீட்டைச் சோதனை போட்டோம், ஒன்பது வீட்டு நகைகளும் இருந்தன. ஒவ்வொரு வளையலையும் தனித்தனியாகச் செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்தான். குற்றப்பத்திரிகை கோர்ட்டுக்குப் போகவில்லை.

அக்காவை டைப் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். விசாரணை உண்டு, பென்ஷன் அதற்குப் பிறகுதான் என்றார்கள். அவர் ஒன்றே ஒன்று கேட்டார். மீதியுள்ள எட்டு மாதமும் தன்னை ரெக்கார்டு ரூமில் போடச் சொன்னார். தான் டைப் அடித்த பழைய கட்டுகளையெல்லாம் இறக்கி, அந்த வாக்கியம் உள்ள கேஸ்களைப் பட்டியல் எடுக்க ஆரம்பித்தார். முதல் வாரத்திலேயே நூற்றைத் தாண்டியது. "முடியுமாக்கா?" என்றேன். "முடியற வரைக்கும் முடியும்," என்றார்.

நாற்பத்தோரு நாள் சிறைக்குப் பிறகு வெளியே வந்த பெயிண்டர், மறுநாள் மனைவியோடு ஸ்டேஷனுக்கு வந்தான். நன்றி சொல்ல வருகிறான் என்று நான் பல்லைக் காட்டினேன். அவன் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. ரெக்கார்டு ரூம் வாசலில் போய் நின்றான்.

"அந்த வரி எழுதினவங்க நீங்கதானா?"

"நான்தான்," என்று அக்கா எழுந்து நின்றார்.

"என் பொண்ணு ஸ்கூலுக்குப் போக மாட்டேங்குது. திருடன் பொண்ணுங்கறாங்களாம். நான் திருடலைன்னு ஒரு பேப்பர் வேணும். சீல் வெச்சு."

டைப் அடிக்க அக்காவுக்கு அனுமதி இல்லை. இன்ஸ்பெக்டர் தன் அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தன் கம்ப்யூட்டரைக் கை காட்டினார். அக்கா அதன் முன்னால் உட்கார்ந்தார். கை கீபோர்டு மேல் நின்றது.

"என்ன எழுதணும்னு நீங்க சொல்லுங்க," என்றார் பெயிண்டரிடம். "என் வார்த்தை ஒண்ணுகூடப் போட மாட்டேன்."

அவன் நின்று நிதானமாகச் சொன்னான். பேர், தொழில், ஒன்பது வீட்டிலும் திருடியவன் வேறு ஆள் என்பது, நாற்பத்தோரு நாள் தவறாகச் சிறையில் இருந்தது. அக்கா ஒவ்வொரு சொல்லாகத் தட்டினார். மூக்கு நுனியில் சொட்டிய கண்ணீரைத் துடைக்கக்கூட நிறுத்தவில்லை. முடித்துவிட்டு, "வேற ஏதாவது?" என்று கேட்டார்.

பெயிண்டர் மனைவியைப் பார்த்தான். "கோவக்காரன்னும் போடுங்க," என்றான். "அது உண்மைதான்."