காய்ந்த கோடு

இந்த ஊர் மருந்துக் கடையில் எதையும் செய்தித்தாளில் சுற்றித் தருவதில்லை. கர்ப்பம் பார்க்கும் குச்சியைப் பற்பசைக்குப் பக்கத்திலேயே அடுக்கி வைத்திருக்கிறார்கள். எங்கள் மரக்காணம் பஜாரில் அதை வாங்கப் போகிறவள், கூட்டம் குறையட்டும் என்று எதிர்க் கடையில் வளையல் விலை விசாரித்துக்கொண்டு நிற்பாள். பாரிஸுக்கு வெளியே இருக்கும் இந்தச் சின்ன ஊரில் நான் அதைக் கொண்டுபோய்க் கல்லாவில் வைத்தபோது, அங்கிருந்த பெண் "ரெத்தார்?" என்று கேட்டாள். ரயில் தாமதமானால் பலகையில் வரும் சொல் அது. எனக்கென்ன தாமதம், நேரம் இருக்கிறது என்று, "நோன், நோன்" என்றேன். நாள் தள்ளிப்போகாமல் இதை வாங்கிப் பயனில்லை என்பது போல அவள் கையை ஆட்டினாள். எனக்கு விஷயம் புரிந்து, வகுப்பில் படித்த பிரெஞ்சை எல்லாம் கூட்டிச் சேர்த்து, "ஒரு மாதத்துக்கு மேலாக நான் குளிக்கவில்லை" என்று விளக்கினேன். அவள் ஓர் அடி பின்னால் போனாள்.

அவள் மேல் குற்றமில்லை. எங்கள் பக்கத்தில் அதற்கு வேறு பேச்சே கிடையாது. ஞாயிறுதோறும் சந்தைக்குப் போய்த் திரும்பும் வழியில், தெருமுனைத் தொலைபேசிக் கூண்டிலிருந்து கார்டு போட்டு அம்மாவைக் கூப்பிடுவேன். நலம் விசாரித்து முடித்ததும் குரலைத் தாழ்த்தி, "தலைக்கு ஊத்திக்கினியாடி?" என்பாள். "ஊத்திக்கினேம்மா" என்பேன். அப்புறம் கார்டில் காசு மிச்சம் இருந்தாலும் போனை வைத்துவிடுவோம். என் கணவர் தானியேல் புதுச்சேரிக் குடும்பம் என்றாலும் இங்கேயே பிறந்தவர். "நீ குளிக்கிறதுல உங்க அம்மாவுக்கு ஏன் இவ்வளவு அக்கறை?" என்று ஒருமுறை கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகியிருந்தது.

அம்மாவும் அப்பாவும் உப்பளத்தில் கூலிக்குப் போகிறவர்கள். கடல் ஊருக்குள் வந்துபோன மறு வருஷம் அது. பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த அம்மாவிடம் ஒருத்தி கேட்டாளாம்: "அனுமந்தையில அலைக்குப் புள்ளைய குடுத்தவளே மறுபடி முழுகாம இருக்கா. பிரான்சுக்குப் போன உம் பொண்ணுக்கு என்னாம்மா கேடு?" அதற்கப்புறம் அம்மா எந்தச் சீமந்தத்துக்கும் போகவில்லை. ஒரு பிள்ளை, ஒன்றே ஒன்று, வந்துவிட்டால் போதும் என்று நான் கெஞ்சாத சாமி இல்லை.

குச்சியை வாங்கிய மறுநாள் காலையில் அதில் ஒரே கோடுதான் விழுந்தது. ஒரு கோடு என்றால் இல்லை என்று அர்த்தம். அதைக் குழாயடியில் போட்டுவிட்டு அழுதுகொண்டே சமைத்தேன். மாலையில் கை கழுவப் போனவள் பார்த்தால், பக்கத்தில் இன்னொரு கோடு, வெளிறிப்போய் இருந்தது. வெளிறினாலும் கோடு கோடுதானே! செருப்பைக்கூட மாட்டாமல் கூண்டுக்கு ஓடினேன். "அம்மா, நான் முழுகாம இருக்கேம்மா" என்றேன். அந்தப் பக்கம் அம்மா ஓவென்று அழுதாள். அப்பாவை எழுப்புவது கேட்டது.

தானியேல் வேலையிலிருந்து வந்து, குச்சி வந்த பெட்டிக்குள் இருந்த தாளை எடுத்துப் படித்தார். படிக்கப் படிக்க முகம் மாறியது. "பத்து நிமிஷத்துக்கு மேல பாக்கக் கூடாதாம். தண்ணி காய்ஞ்சா ஒரு கோடு வரும். அது கணக்கு இல்ல" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. நீர் வற்றினால் ஓரத்தில் வெள்ளை படியும் என்பதை எனக்கு ஒரு தாள் சொல்லித் தர வேண்டுமா? அந்த வெள்ளையை வாரித்தானே என்னை வளர்த்தார்கள். ஆசை கண்ணை மறைத்துவிட்டது. அவரே மறுபடியும், "சீக்கிரமா பாத்தா, இருந்தாலும் இல்லன்னு காட்டுமாம். ஒரு வாரம் பொறு" என்றார். அந்த நம்பிக்கையையும் விடாமல் பிடித்துக்கொண்டேன். இடையில் வந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூப்பிடவில்லை. ஒரு வாரம் கழித்து, கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு பார்த்தோம். ஒரே கோடு. ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரும் "நெகத்திஃப்" என்றார். இரண்டு நாளில் உதிரம் கண்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உண்மையைச் சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் கூண்டுக்குள் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா ஆரம்பித்துவிட்டாள். அப்பா உப்பளம் முழுக்க மிட்டாய் கொடுத்தாராம். அன்றைக்கு 'என்னா கேடு' என்று கேட்டவளே வீடு தேடி வந்து நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்தாளாம். வானூரில் ஒரு சீமந்தத்துக்கு அம்மா முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டு வந்தாளாம். இத்தனை வருஷத்தில் அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. அந்த ஊரில் நான் பிள்ளைத்தாய்ச்சி. இந்த ஊரில் என் வயிற்றில் ஒன்றுமில்லை.

"என்னாடி, பேச்சயே காணும்? மசக்கையா?"

"ஆமாம்மா."

"பளுவு கிளுவு தூக்காதடி கண்ணு."

சந்தைப் பைகள் இரண்டு முழங்கையிலும் தொங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றாக மெல்லக் கீழே வைத்தேன்.