சாமிக்கு வேண்டாம், குழாய்க்கு அனுமதி வேண்டும்

பெரம்பலூரில் மைக் செட் வாடகைக்கு விடுகிறேன். போன பங்குனியில் பக்கத்துக் கிராமத்து மாரியம்மன் கோயில் தீமிதிக்குக் கூப்பிட்டார்கள். ஒலிபெருக்கிக்கு விழாக் குழுதான் போலீஸ் ஸ்டேஷனில் அனுமதிச் சீட்டு வாங்கித் தருவது வழக்கம். சீட்டு எங்கே என்று குழுத் தலைவரிடம் கேட்டேன்.

“சாமி காரியத்துக்கு எவன்கிட்டங்க கேக்கணும்? சட்டத்துலயே மத உரிமை இருக்கு. நீங்க கட்டுங்க” என்றார்.

எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. புளியமரத்தில் இரண்டு குழாய் ஸ்பீக்கர்களைக் கட்டி அம்மன் பாட்டைப் போட்டுவிட்டேன். எதிரே இருந்த பள்ளியில் அன்று அரசுத் தேர்வு என்பது எனக்குத் தெரியாது.

அரை மணி நேரத்தில் சப்-இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். தலைவர் சொன்னதையே அவரிடம் நானும் சொன்னேன்.

“சாமி கும்புடுங்க, தீ மிதிங்க, யாருய்யா தடுத்தா? குழாய் கட்டறதுக்குப் பர்மிஷன் வேணும். அங்க புள்ளைங்க பரீச்சை எழுதுதுங்க. எறக்குய்யா” என்றார்.

தலைவரைத் தேடினேன், ஆளைக் காணோம். குழாய்களும் ஆம்ப்ளிஃபயரும் ஜீப்பில் ஏறின. என் பிழைப்பே அவைதான். வழக்குப் போட்டிருந்தால் கோர்ட்டிலேயே கிடந்து துருப்பிடித்திருக்கும். நல்லவேளையாக, இனி அனுமதியில்லாமல் கட்டமாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு மூன்றாம் நாள் திருப்பிக் கொடுத்தார்கள்.

இப்போதெல்லாம் சீட்டு கைக்கு வராமல் நான் மரம் ஏறுவதில்லை. குழாயின் வாய் பார்க்கும் திசையில் என்ன இருக்கிறது என்றும் நடந்துபோய்ப் பார்த்துவிடுகிறேன்.

அன்று தீமிதி, என் செட் இல்லாமலே, மேளச் சத்தத்தோடு ஒரு குறையுமின்றி நடந்தது. அதை மட்டும் எந்த விழாக் குழுவிடமும் சொல்வதில்லை.