பாரிட் பேரில்லே

லாபிஸிலிருந்து வந்த தந்தியைப் பிரித்தபோது, தங்கவேலு மறுபடியும் ரயில் மாறி ஏறிவிட்டார் என்றுதான் நினைத்தேன். மகள் வீட்டுக்குப் போனவர், அங்கேயே காலமாகிவிட்டார். மூவார் சர்வே ஆபீசில் அவருக்கு எதிர் மேசையில் உட்கார்ந்து படம் வரைந்தவன் நான். அவரை அறிந்தவர்களுக்கு இதை எழுதுகிறேன்.

ஆற்றுப் பள்ளத்தாக்கு முழுவதையும் மேடு, பள்ளம், வயல், வாய்க்கால் என்று வரைந்த மனிதருக்கு, மார்க்கெட்டிலிருந்து வீட்டுக்கு வரத் தெரியாது. கேலி செய்தால், "மேலேருந்து பார்த்தா எனக்கு எல்லாம் தெரியும்லா. கீழே நடந்தாத்தான் குழப்பம்" என்பார்.

அந்தப் படத்தில்தான் வம்பு வந்தது. பேர் உள்ள வாய்க்கால்தான் படத்தில் இருக்கும், படத்தில் இருப்பதற்குத்தான் மதகு கட்டப்படும் என்பது எங்கள் வெள்ளைக்காரத் துரையின் உத்தரவு. வாய்க்காலுக்கு மலாயில் பாரிட். சங்கிலி பிடித்து அளக்கும் முனியாண்டி ஊர் ஊராகக் கேட்டு, பாரிட் நிப்பா, பாரிட் கெலாடி என்று தமிழில் குறித்துக்கொண்டு வருவார். ஒரு மலாய்க் கம்பத்தில், அதாவது கிராமத்தில், ஓடிய வாய்க்காலுக்கு மட்டும் 'பாரிட் பேரில்லே' என்று எழுதியிருந்தார். தங்கவேலு அதையும் மலாய்ப் பேர் என்று எண்ணி, அழகான ஆங்கில எழுத்தில், மையிலேயே எழுதிவிட்டார்.

"யோவ், அதுக்குப் பேர் இல்லேன்னு எழுதியிருக்காருய்யா!" என்றேன்.

"அலமாக்!" கத்தியை எடுத்துச் சுரண்டப் போனவர் நிறுத்திவிட்டார். "பேர் போனா வாய்க்காலும் போயிடும்லா. தண்ணியில்லாம அந்த ஜனங்க என்னத்த நடுவாங்க?"

மறுநாள் துரை சரியாக அந்த இடத்தில் விரலை வைத்து, இது என்ன பேர் என்று கேட்டார். இரண்டு பேருக்கும் வேலை போயிற்று என்றே நினைத்தேன். தங்கவேலு அசராமல் இங்கிலீஷில் சொன்னார்: "ஊர்க்காரங்க வேற எந்தப் பேரும் சொல்றதில்லீங்க, துரை." அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை, பாருங்கள்! அப்படியா என்று துரை என் பக்கம் திரும்பினார். நான் தலையாட்டினேன். படம் கையெழுத்தாகிவிட்டது.

போன வாரம் அந்தக் கம்பத்துக்குப் போய்ச் சாவுச் செய்தி சொன்னேன். மதகில் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. நெல் முழங்கால் உயரம் நின்றது. தங்கவேலு என்றால் யாருக்கும் தெரியவில்லை. ஒரு மலாய்ப் பெரியவர் மட்டும், "பேரில்லேங்கிறது யாரோ மகான் பேராமே, நிஜமா?" என்று தம் பாஷையில் கேட்டார். ஆமாம் என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

நான் பயந்தாங்கொள்ளி. உத்தியோக காலமெல்லாம் துரை சொன்னதற்கெல்லாம் தலையாட்டியவன். அந்த வாய்க்காலுக்காக ஆட்டியது ஒன்றுதான் நானாக ஆட்டியது. தங்கவேலு எனக்கு வைத்துவிட்டுப் போனது அதுதான்.