பாய் சுருட்டும் வாரம்

தஞ்சாவூரில் என் மகள் போகும் மாண்டிசோரி வகுப்பின் ஆசிரியை ஒல்லியானவர்; பருத்திப் புடவை, தடித்த மூக்குக்கண்ணாடி. எந்தக் குழந்தையாவது ஒரு வேலையில் திணறினால், உடனே தம் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். ஓடிப்போய் உதவிவிடக் கூடாதாம்.

அந்தந்த வாரம் பிள்ளைகள் கற்றதை வெள்ளிக்கிழமை வாட்ஸ்அப்பில் அனுப்புவார். ஒரு வாரம் 'பாய் விரித்தல், சுருட்டுதல்' என்று வந்தது. மறுவாரமும் அதேதான். அன்று காலை வலங்கைமானில் எங்கள் வயலில் நடவு ஆட்கள் ஒருவரும் என் பேச்சைக் கேட்காத கோபத்தையும் சேர்த்துச் சுமந்துகொண்டு, நேரே வகுப்புக்கே போய்விட்டேன்.

"பாய் சுருட்டுறதெல்லாம் ஒரு பாடமாங்க மிஸ்? அது யாருக்குத்தான் தெரியாது?"

"அப்படிங்களா சார்? இதைக் கொஞ்சம் சுருட்டி வைங்களேன்," என்று தரையில் விரித்திருந்த சின்னக் கோரைப்பாயைக் காட்டினார்.

சட்டைப் பித்தான் தெறித்துவிடாமல் தொந்தியை உள்ளிழுத்துக்கொண்டு மண்டியிட்டேன். சுருட்டச் சுருட்ட ஒரு பக்கம் நீண்டுகொண்டே போய், கடைசியில் பாய் கடலைப் பொட்டலம் மாதிரி கூம்பாக நின்றது. பிரித்துத் திரும்பச் சுருட்டினேன். இப்போது மறுபக்கம் நீண்டது. பிள்ளைகள் எல்லாரும் தங்கள் வேலையை விட்டுவிட்டு என்னையே பார்த்தார்கள். பொறுக்கமாட்டாமல் என் மகள் ஓடிவந்தாள்.

"வேண்டாம் கண்ணு," என்றார் ஆசிரியை, மிக மெதுவாக. "அப்பாவே செய்யட்டும்."

கேலி செய்தாரா, நிஜமாகவே சொன்னாரா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். முகத்தில் சிரிப்பே இல்லை. கைகள் முதுகுக்குப் பின்னால் போயிருந்தன.