முப்பத்தொரு முறை ஒப்புக்கொண்ட அமீர் ஜான்

வரலாற்றில் அமீர் ஜானுக்கு இடம் உண்டா என்பதை வரலாறு பார்த்துக்கொள்ளட்டும். ஏற்காடு ஏரிக்கரையில் அவருக்கு இடம் உண்டா என்பதைத் தீர்மானிக்கத்தான் ஒன்றரை வருடத்தில் ஆறு கூட்டங்கள் தேவைப்பட்டன. இத்தனைக்கும் அது பத்தடிக்கு ஆறடி இடம். மேலே நீலத் தார்ப்பாய், பின்னால் சில்வர் ஓக் மரம், முன்னால் ஏரி. படகிலிருந்து நடுங்கிக்கொண்டு இறங்குகிறவர்கள் வேறு யோசனைக்கு அவகாசமில்லாமல் வந்து முட்டும் தூரத்தில் எண்ணெய்ச் சட்டி. அதில் இருபத்திரண்டு வருடமாக மிளகாய் பஜ்ஜி போடுகிறார்.

சேலத்தில் ஒரு மளிகைக் கடையில் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தவர் அவர். சளி உடம்புக்கு மலைக்காற்று ஆகவே ஆகாது என்று வைத்தியர் கண்டிப்பாகச் சொன்னபோது "செரீங்க" என்றார். மறுவாரமே மலையேறிவிட்டார். கல்யாணத்துக்குப் பிறகு மாமனார், பஜ்ஜிக் கடையெல்லாம் நம் குடும்பத்துக்கு ஒத்துவராது, துணிக்கடை வையுங்கள் என்றார். "பாக்கலாமுங்க" என்றார் அமீர் ஜான். மாமனார் அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டார். அவரும் சேலத்துக்காரர்.

இந்த மாதிரிச் சொற்களைப் பற்றிச் சிறிது விளக்கம் தேவை. இந்தச் சேலம் பக்கத்தில் "செரீங்க" என்றால் நீங்கள் பேசியது காதில் விழுந்தது என்று பொருள். "ஆகட்டுமுங்க" என்றால் நீங்கள் கிளம்பலாம் என்று பொருள். "பாக்கலாமுங்க" என்றால் இல்லை, நடக்காது, ஆயுசுக்கும் நடக்காது, ஆனால் உங்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு என்று பொருள். எதிரே நிற்கிற மனிதரிடம் "முடியாது" என்று சொல்வது அடிப்பதற்கு ஒரு படி கீழே. அமீர் ஜான் யாரையும் அடித்ததில்லை.

ஏரி முகப்பு மேம்பாட்டுத் திட்டம் மலையேறி வந்தபோது இந்த அகராதியை யாரும் அதற்குக் கொடுக்கவில்லை.

திட்டத்தை வரைந்த நிறுவனத்தின் சார்பில் வந்தவர் பிரிஸ்கில்லா. இருபத்தேழு வயது, பெங்களூரில் பிறந்து வளர்ந்தவர், வீட்டில் மட்டும் தமிழ். நல்ல பெண். மக்களைக் கேட்காமல் ஒரு கல்லைக்கூட நகர்த்தக் கூடாது என்று மனதார நம்பினார். அதனால் ஒவ்வொரு கல்லுக்கும் அமீர் ஜானைக் கேட்டார். கையில் ஒரு டேப்லெட். அதில் மூன்று கட்டங்கள்: ஒப்புதல், மறுப்பு, நிபந்தனையுடன் ஒப்புதல்.

"பாய், ஏரியைச் சுத்தி நடைபாதை வந்தா நல்லா இருக்கும்ல?"

"நல்லா இருக்குமுங்க."

"கடைகளை எல்லாம் மேலே கார் நிறுத்துற இடத்துக்குப் பின்னாடி, ஒரே உணவுத் திடலா மாத்திட்டா?"

"செரீங்க."

"உங்க கடையும் அங்க போகணும்."

அமீர் ஜான் கரண்டியால் எண்ணெயை ஒரு சுற்று சுற்றினார். "பாக்கலாமுங்க."

பிரிஸ்கில்லா முகம் மலர மூன்றாவது கட்டத்தைத் தொட்டார்.

அந்த உணவுத் திடல் எங்கே வருகிறது என்றால், வளைவைத் தாண்டி, பூட்டியே கிடக்கும் கழிப்பறைக்குப் பின்னால். அங்கிருந்து ஏரி தெரியாது. ஏரியிலிருந்தும் அது தெரியாது. படகில் நனைந்து இறங்கியவர் பஜ்ஜிக்காக அந்த மேடேற மாட்டார். வரைபடத்தில் அமீர் ஜான் கடை இருந்த இடத்தில் ஒரு பெஞ்சும், அதில் ஐஸ்கிரீம் தின்னும் ஒரு குடும்பமும் இருந்தன. ஏற்காட்டுக் குளிரில் ஐஸ்கிரீம் தின்னும் அந்தக் குடும்பத்தை அவர் வெகுநேரம் உற்றுப் பார்த்தார். வாடிக்கையாளராக ஆக்கிவிடலாம் போலத்தான் இருந்தது.

கூட்டங்கள் எல்லாம் சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த அரங்கில், சனிக்கிழமைகளில் நடந்தன. சனி, ஞாயிறுதான் அவருக்கு வாரம். மற்ற நாட்கள் எண்ணெய் காய்வதற்கு. முதல் கூட்டத்தில் ஆளுக்கொரு மஞ்சள் சீட்டு கொடுத்து, விருப்பத்தை எழுதி வரைபடத்தில் ஒட்டச் சொன்னார்கள். "கடை இங்கயே இருக்கட்டும்" என்று எழுதி ஒட்டினார். வெளியே மூடுபனி. ஈரத்தில் பசை பிடிக்கவில்லை. சாயங்காலம் அரங்கைப் பெருக்கியவர் மக்களின் விருப்பங்களை ஒரு முறம் அள்ளிக் கொட்டினார். இரண்டாம் கூட்டம் முதல் கூட்டத்தின் கருத்துகளைத் தொகுக்க. மூன்றாவது, தொகுத்ததைச் சரிபார்க்க. நான்காவது சேர்வராயன் கோயில் திருவிழா அன்று வந்ததால் நான்கு பேர் வந்தார்கள், அதில் மூன்று பேர் ஒலிபெருக்கி கட்டியவர்கள். ஐந்தாவது எதற்கு என்று கூப்பிட்டவர்களுக்கே மறந்துவிட்டது. ஒவ்வொன்றுக்கும் அடுப்பை அணைத்துவிட்டுப் போனார், முழங்கால் வலியோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார், கையெழுத்துப் போட்டார், திரும்பி வந்து ஆறிய எண்ணெயை மறுபடி காய்ச்சினார்.

கூட்டங்களுக்கான பஜ்ஜியும் அவர் கடையிலிருந்துதான் போனது. கடையை அகற்றுவதைப் பற்றிப் பேச அந்தக் கடையின் பஜ்ஜியே உதவியது என்பதை இங்கே பதிவு செய்வது கடமை.

"நீங்க எதுக்கு பாய் ஓடுறீங்க?" என்று கேட்டார் பக்கத்தில் பழம் விற்கும் செல்லப்பன். வெள்ளக்கடை கிராமத்திலிருந்து வண்டியில் பேரிக்காய் கொண்டுவருகிறவர். "என்னைப் பாருங்க. கடைன்னா ஒரு கோணிப்பை. சுருட்டுனா முடிஞ்சுது."

"கூப்புடறாங்களேண்ணே. போகாம இருந்தா மருவாதையா இருக்குமா?"

"மருவாதையில உங்களுக்கு ஒரு டாக்டர் பட்டமே குடுக்கலாமுங்க."

ஆறாவது கூட்டம் மே மாதத்துச் சனிக்கிழமை. காலையிலேயே பிரிஸ்கில்லா வந்தார். "பாய், கடைசிக் கூட்டம். அதிகாரி விஜயகுமார் சார் வந்து கையெழுத்துப் போடுறார். நாலு மணிக்கு எண்பது பஜ்ஜி வேணும்."

கடை முன்னால் கோடைக் கூட்டம் ஏரிவரை நின்றது. அமீர் ஜானுக்கு இரண்டே கைகள். "பாக்கலாமுங்க" என்றார்.

நான்கு மணிக்குப் பஜ்ஜி போகவில்லை. நாலரைக்குப் பிரிஸ்கில்லா சாலையைக் கடந்து வேகமாக வந்தார்.

"என்ன பாய், சொன்னீங்களே! எல்லாரும் வெறும் டீயை வச்சுட்டு உக்காந்திருக்காங்க."

"நான் எங்கீங்க மேடம் சொன்னேன்? பாக்கலாமுன்னுதானுங்களே சொன்னேன்."

"அதான், பாக்கலாம்னு சொன்னீங்கல்ல?"

செல்லப்பன் பேரிக்காயை அடுக்கிக்கொண்டே சிரித்துவிட்டார். "ஏங் கண்ணு, பாக்கலாம்னா இல்லைன்னு அர்த்தம். இது தெரியாமயா ஒன்றரை வருசமா டப்பாவுல எழுதிக்கிட்டு இருந்தே?"

பிரிஸ்கில்லா வெங்காயம் அரிந்துகொண்டிருந்த சலீமாவைப் பார்த்தார். சலீமா அமீர் ஜானின் மனைவி, வீணாகப் பேசாதவர். "ஆமாங்கம்மா" என்றார். "எங்கப்பாவுக்கே அப்புடித்தான் சொன்னாரு."

"அப்போ செரீங்கன்னா?"

"காதுல உழுந்துச்சுன்னு."

பிரிஸ்கில்லா எண்ணெய் டின்மேல் உட்கார்ந்தார். டேப்லெட்டைத் திறந்தார். அதில் அழகான எழுத்தில் இருந்தது: திரு. அமீர் ஜான், ஏரிக்கரை வியாபாரி. ஒப்புதல்: பத்தொன்பது. நிபந்தனையுடன் ஒப்புதல்: பன்னிரண்டு. மறுப்பு: இல்லை.

அமீர் ஜான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். ஊரிலேயே அவரளவுக்குத் திட்டத்தை ஆதரித்தவர் யாருமில்லை.  வரிசையில் ஒருவர் சட்னி கேட்டார். ஊற்றினார்.

"வாங்க பாய்" என்றார் பிரிஸ்கில்லா. கண் கலங்கியிருந்தது. வெங்காயமாகவும் இருக்கலாம். "கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி நேரா சொல்லிடலாம். இந்தத் தடவை பளிச்சுன்னு சொல்லுங்க."

கடைக்கும் அரங்குக்கும் நடுவே நூறடி. "முடியாது" என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தார். ஒவ்வொரு தடவையும் வாலில் ஒரு 'ங்க' ஒட்டிக்கொண்டது. அரங்கில் விஜயகுமார் பேனா மூடியைத் திறந்து வைத்திருந்தார். இதே சேலம் மாவட்டத்தில் ஆத்தூர்ப் பக்கத்துக்காரர், கண்ணியமான மனிதர். பிரிஸ்கில்லா எல்லாவற்றையும் விளக்கினார். முப்பத்தொரு விடைகளும் தவறு, பிழை தன்னுடையது, கடையை அங்கேயே விட்டு நடைபாதையை நாலடி தள்ளி வளைத்தால் போதும் என்று வரைந்தே காட்டினார்.

"சாருக்கு நீங்களே சொல்லுங்க பாய்."

அமீர் ஜான் துண்டால் கையைத் துடைத்தார். "அந்த எடத்த உட்டுப் போக என்னால முடியாதுங்க" என்றார். சொல்லிவிட்டு, அடித்துவிட்டவர் போலப் பதறி, "மன்னிச்சுக்கணுமுங்க" என்றும் சேர்த்தார். ஐம்பத்தாறு வயதில் அவருடைய முதல் மறுப்பு அது.

அதிகாரி பரிவோடு கேட்டார். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எழுந்து வந்து அமீர் ஜானின் தோளில் கை வைத்தார்.

"பாக்கலாமுங்க பாய்" என்றார்.

பிரிஸ்கில்லாவின் விரல் பழக்கத்தில் மூன்றாவது கட்டத்தை நோக்கிப் போய், பாதியில் நின்றது.

"செரீங்க" என்றார் அமீர் ஜான்.

கடைக்குத் திரும்பியபோது கூட்டம் குறைந்திருந்தது. சலீமா கத்தியை நிறுத்தாமல் கேட்டார். "ஏனுங்க, என்ன சொன்னாரு?"

"பாக்கலாம்னாரு."

கத்தி நின்றது. சலீமா கையைக் கழுவி, மாவு போட ஆரம்பித்தார். ஆறு கூட்டங்களில் எவரும் கேட்காத கேள்வியை அப்போதுதான் கேட்டார்.

"அந்தக் கழிப்பறைக்குப் பின்னாடி மழ எந்தப் பக்கமிருந்து அடிக்குது? தார்ப்பாய எப்புடிக் கட்டணும்?"

"தெரியலையே."

"போயி பாருங்க. நான் சட்டியப் பாத்துக்கறேன்."

அமீர் ஜான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மேட்டில் ஏறிப் போனார், பார்ப்பதற்கு.